விரலடியில்

இரவு இரண்டே முக்கால். ஈசூன்.
ஆறாம் எண் அறுவை அறை.
குவெக் தியோங் ஹை, அறுபத்தொரு வயது,
அடிவயிற்றில் சிக்கிக்கொண்ட குடல்.
பத்து மணிக்குச் சாப்பிட்ட மீ ரெபுஸ்
இன்னும் முழுசாக உள்ளே.
கழுத்தென்று தனியாக ஒன்றும் இல்லை,
தலை நேராகத் தோளில் வந்து உட்கார்ந்திருந்தது.

வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்த
டாக்டர் நூர்ஷிதா
அடுத்து என்னைப் பார்த்தார்.
அந்தப் பார்வைக்குப் பதிலாக
பூஜியை உறையிலிருந்து உருவி
அவர் வலப்பக்கம் வைத்தேன்.

மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி
பெயர் ஒட்டிய டப்பாவில் போட்டேன்.
முகமூடியை ஒட்டிப் பிடித்தேன்.
ஆழமா இழுங்க அங்கிள், ஆழமா.
மூன்று நிமிடம் வெறும் பிராணவாயு.
கடைசியில் ஏதோ சொன்னார்.
மூடிக்குள் பனி படர்ந்தது, சொல் வெளியே வரவில்லை.
பால்வெள்ளை மருந்து அதற்குள் கையேறிவிட்டது.

நான் சங்கைத் தேடினேன்.
சீப்பைத் தொலைத்தால் அக்கா சொல்வாளே,
"சங்கை நெரிச்சிடுவேன்", அந்தச் சங்கு.
ஊதுகிற சங்கு வேறு.
இந்த அறையில் அதை நினைக்கக் கூடாது,
நினைத்தேன்.
சங்குக்கு ஒரு விரற்கடை கீழே
எல்லாருக்கும் ஒரு மோதிரம் இருக்கிறது,
குருத்தெலும்பில் செய்தது,
பிறக்கும்போதே போட்டுவிட்டது.
அதன்மேல் கட்டைவிரலும் ஆள்காட்டியும்.
வயிற்றில் இருப்பது வாய்க்கு வராதபடி
அழுத்து. சொல்லும்வரை விடாதே.

அறுபது நொடி. தாடை தளர்ந்தது.
இனி இவர் மூச்சு எங்கள் கணக்கில்.

கேமரா உள்ளே போனது.
திரையில் இளஞ்சிவப்பு, எச்சில், மறுபடி இளஞ்சிவப்பு.
"மூடி மட்டும்தான் தெரியுது."
ஒருகையால் உறிஞ்சுகுழாயை நீட்டினேன்.
கரகரத்து இழுத்தது, பிறகும் இளஞ்சிவப்பு.
தொண்ணூற்றெட்டு.
நாடிக் கருவியின் பீப் ஒவ்வொன்றாகச்
சுருதி இறங்க ஆரம்பித்தது.
பாட்டுக் கிளாசில் மூன்று வாரம் தாங்காத எனக்கு
இந்த ஓர் இறக்கம் மட்டும் தெரியும்.
தொண்ணூற்று மூன்று.
"மறுகையால் சங்கைப் பிடி.
பின்னால். மேலே. கொஞ்சம் வலம்.
அங்கேயே."
அங்கேயே நின்றேன். மூக்கு அரித்தது.
எண்பத்தொன்பது.

டாக்டரின் வலக்கை
பார்க்காமலே நீண்டு பூஜியை எடுத்தது.
பிறகு என் விரலடியில்,
தோலுக்கு அடியில், மோதிரத்துக்கும் அந்தப் பக்கம்,
கம்பிவேலியில் குச்சியைத் தேய்த்துக்கொண்டே
ஒரு பையன் ஓடுகிற மாதிரி
டக். டக். டக்.
"உள்ளே போச்சு."
சொன்னது நான்தான்.
திரை அப்போதும் இளஞ்சிவப்பாகவே இருந்தது.

குழாய் அதன்மேல் வழுக்கி இறங்கியது.
பலூன் ஊதினார்கள். பையை ஓர் அமுக்கு.
நெஞ்சு இரண்டு பக்கமும் எழுந்த மாதிரித்தான் இருந்தது.
மஞ்சள் கோடு தட்டையாகப் போனது,
போனது,
ஒரு குன்று. உச்சி வெட்டிய குன்று.
இன்னொன்று.
ஆறு வரும்வரை யாரும் பேசவில்லை.
பீப் மெதுவாகப் படியேறியது.
"சரி, விடு."
விரல்கள் வரவில்லை.
ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

ஆறு மணி, மீட்பறை.
கண் திறந்தார். குரலில் மணல்.
"கீகி மானா?"
பல் எங்கே என்று கேட்கிறார்.
அப்போது முகமூடிக்குள்ளும் இதைத்தான் கேட்டிருப்பார்.
வேறு எதுவாகவும் இருக்கலாம்.
டப்பாவைக் கையில் வைத்தேன்.
திறந்து பார்த்து, எண்ணுகிறவர் போலப் பார்த்து,
மூடிக்கொண்டார்.

ஏழரைக்கு பைக்கை எடுத்தேன்.
பாலத்தில் ஜொகூரே எதிரே வந்துகொண்டிருக்கும்,
நான் மட்டும் அந்தப் பக்கம் தூங்கப் போகிறவள்.
ஹெல்மெட் வாரை மாட்டும்போது
விரல் தன்பாட்டில் கீழே இறங்கி நின்றது.
எச்சில் விழுங்கினேன்.
மோதிரம் மேலே போனது,
வந்தது.